எந்தச் செய்திக்கு எந்தக் கடை

சென்னையில் ஒரு வாரம் நண்பர்களோடு வெளியே சாப்பிடுவது என்று முடிவானால், எல்லாரும் முதலில் ஓட்டல் பட்டியல் போடுவார்கள். நான் முதலில் கேட்பது, என்ன பேசப் போகிறோம் என்று. பேச்சு எவ்வளவு நேரம் ஓடும் என்பதைக் கடைதான் முடிவு செய்கிறது. நின்றபடி டீ குடிக்கும் இடத்தில் எந்த விவகாரமும் பத்து நிமிடம் தாண்டாது. டோக்கன் மெஸ்ஸில் அடுத்த ஆள் நம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டே நிற்பார். அங்கே போய் மத்திய பட்ஜெட்டை ஆரம்பித்தால் ரசமும் ஆறிவிடும், நிற்பவர் முகமும் மாறிவிடும். கடற்கரை மணலில் யாரும் நம்மை எழுப்ப மாட்டார்கள். ஆகவே சின்னச் செய்திக்கு நின்று சாப்பிடும் கடை, பில் பற்றிய செய்திக்கு ஏசி ஓட்டல், தீராத சண்டைக்கு மணல். வாரத்தை நான் இப்படித்தான் பிரிக்கிறேன்.

நான் பாரிமுனை அரண்மனைக்காரன் தெருவில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். வீடு மந்தைவெளி. நடுவே பறக்கும் ரயில். 1995-இல் சேப்பாக்கம் வரை வந்து, 1997-இல் மயிலாப்பூரைத் தொட்டு, 2007-இல் வேளச்சேரி போய்ச் சேர்ந்த அந்த ரயில் நிற்கிற இடங்கள்தான் என் சாப்பாட்டு வரைபடம். உங்கள் வழி வேறாக இருக்கலாம். ஆனால் ஒரே ரயில் அல்லது ஒரே பஸ் பாதையில் கடைகளைக் கோத்துக்கொள்ளுங்கள். ஏழு திசையில் ஏழு கடை என்று போட்டால் புதன்கிழமையே ஒருவர் கழன்றுகொள்வார்.

கிளம்புமுன்

நாலு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஐந்தாவது ஆள் வந்தால் இரண்டு மேஜை ஆகும், இரண்டு பேச்சு ஆகும். எங்கள் கூட்டத்தில் நான், திருவல்லிக்கேணியில் மாநகராட்சிப் பள்ளியில் டீச்சராக இருக்கும் என் பள்ளித் தோழி, பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் இன்னொருத்தி, அப்புறம் எங்கள் ஆபீஸ் குமாஸ்தா அண்ணன். அண்ணனுக்கு ஹைகோர்ட் வராந்தாவில் கிடைக்காத வதந்தி கிடையாது. அதனால் அவர் சொல்வதை அடுத்த நாள் பேப்பரில் வரும்வரை செய்தி என்று எடுத்துக்கொள்ள மாட்டோம்.

மாதத்தின் இரண்டாவது வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். சம்பளம் வந்து, வாடகை, சீட்டு, பால் கணக்கு எல்லாம் போய், கையில் நிஜமாக என்ன மிச்சம் என்று அப்போதுதான் தெரியும். ஆளுக்குச் சமமாக ஒரு தொகையை ஒரு கவரில் போட்டு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். வாரம் முழுக்க கவர்தான் பணம் கட்டும். சாப்பிட்டு முடித்ததும் நாலு பேரும் போனை எடுத்து "உனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு" என்று ஜிபே பண்ணுவதைப் போலப் பேச்சைக் கெடுப்பது வேறில்லை. கல்லாவில் "நான் தர்றேன், நீ சும்மா இரு" என்று கையைப் பிடித்து இழுக்கிற நாடகமும் கவரால் ஒழிந்தது.

நாளுக்கு ஒரே ஒரு செய்தி. அன்றைக்கு யார் முறையோ அவர் கொண்டுவர வேண்டும், அதுவும் அச்சில் வந்ததாக. வாட்ஸாப் ஃபார்வர்டு கணக்கில் சேராது.

திங்கட்கிழமை டீ மட்டும்

வாரத்தின் முதல் நாளே டிபன் என்று இறங்க வேண்டாம். ஆபீஸ் முடிந்ததும் பாரிமுனையில் ஏதாவது ஒரு டீக்கடையில் நில்லுங்கள். பக்கத்துப் பெட்டிக்கடையில் மாலைப் பேப்பர்களின் வால்போஸ்டர் தொங்கும். அதைப் படித்துவிட்டுப் பேப்பரை வாங்கினால், போஸ்டரில் இருந்ததில் கால்வாசிதான் உள்ளே இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதே அன்றைய விளையாட்டு.

டீக்கடைப் பேப்பருக்கு ஒரு மரியாதை உண்டு. முழுப் பேப்பரை யாரும் எடுக்கக் கூடாது, ஒரு தாள்தான். ஒருவர் படித்துக்கொண்டிருக்கும் தாளைப் பிடித்து இழுக்கக் கூடாது; அவர் மடிக்கும்போது கை நீட்டலாம். 1942-இல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் தமிழில் எழுதியே டீக்கடை பெஞ்சைப் பிடித்தது. இன்றும் அந்த பெஞ்சில் பேப்பர் பக்கம் பக்கமாகப் பிரிந்துதான் கிடக்கும், ஓரத்தில் டீ கிளாஸின் வட்டத்தோடு.

சில கடைகளில் "இங்கு அரசியல் பேசாதீர்கள்" என்று எழுதியிருப்பார்கள். மதியுங்கள். இரண்டு கட்சிக்காரருக்கும் டீ ஆற்றிக் கொடுக்க வேண்டியவர் அவர். அங்கே பேசத் தோதான செய்தி விலைவாசி. கடைக்காரர்கள் வாங்கும் 19 கிலோ வணிக சிலிண்டரின் விலையை எண்ணெய் நிறுவனங்கள் மாதத்தின் முதல் தேதியில் மாற்றுகின்றன. டீ மாஸ்டரிடம் கேட்டால் பேப்பரைவிடத் தெளிவாகச் சொல்வார். சிலிண்டர் ஏறினால் டீ விலை உடனே ஏறாது. முதலில் கிளாஸ் சிறுக்கும்.

பெண்கள் டீக்கடையில் நிற்பதைப் பாரிமுனையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குடியிருப்புத் தெருக்களில் இன்னும் பார்க்கிறார்கள். இரண்டு பேராகப் போய், கல்லா ஓரமாக நின்று, "மாஸ்டர், ரெண்டு டீ, சக்கரை கம்மி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டால் பார்வை தானாக விலகும்.

செவ்வாய், அத்தோ

பீச் ஸ்டேஷன் பக்கம், இரண்டாவது கடற்கரைச் சாலையில் சாயங்காலம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டிகள் நிற்கும். இந்த வாரத்தில் ஒரு நாள்தான் உங்களால் முடியும் என்றால் இந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

பசியோடு போங்கள், ஆனால் அவசரமாகப் போகாதீர்கள். வண்டிக்காரர் கையைப் பார்க்க வேண்டும். ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு பிடி அள்ளிப் பாத்திரத்தில் போடுவார். மேலே நறுக்கிய முட்டைகோஸ், வெங்காயம், வறுத்த வெங்காயம், நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறுப்பான தட்டை, உப்பு, மிளகாய்த்தூள், கொத்தமல்லி. ஒரு கரண்டி புளித்தண்ணீர், ஒரு சுற்று பூண்டு எண்ணெய். பிறகு எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் வைப்பார். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். சூப்பைத் தனியாகக் குடிக்கலாம், நடுவில் கொஞ்சம் அத்தோ மேலேயே ஊற்றிக்கொள்ளலாம். நான் இரண்டாவது கட்சி. காரம் எவ்வளவு என்பதை அவர் பிசைவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், பிசைந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

முட்டை மசாலாவும் கேளுங்கள். அவித்த முட்டையைப் பிளந்து, உள்ளே வறுத்த வெங்காயமும் பூண்டும் புளித்தண்ணீரும் வைத்துத் தருவார்கள். அதை முழுதாக ஒரே வாயில் போட வேண்டும். பாதி கடித்தால் புடவைக்குத்தான் மீதி. வாய் நிறைந்திருப்பதால் எதிராளி தன் கட்சியைத் தடையில்லாமல் சொல்லி முடிக்க அதுவே நல்ல சமயம்.

இந்த வண்டிகளே ஒரு பழைய செய்தியின் மிச்சம். 1962-இல் பர்மாவில் நே வின் ராணுவத்தோடு ஆட்சியைப் பிடித்து, அடுத்தடுத்துக் கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கினார். தலைமுறை தலைமுறையாக ரங்கூனில் வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்தது. அங்கே சாப்பிட்டதை இங்கே விற்கும் வண்டிகளும் வந்தன.

எனவே செவ்வாய்க்கிழமைச் செய்தி மியான்மராக இருக்கட்டும். 2021 பிப்ரவரியில் மறுபடி ராணுவ ஆட்சி. 2025 மார்ச் 28-ஆம் தேதி மண்டலே பக்கம் பெரிய நிலநடுக்கம். எங்கள் ஆபீசுக்கு நெருக்கமான செய்தி இன்னொன்று. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி அழைத்துப் போய், எல்லை தாண்டி மியாவடியில் அடைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைத்த கும்பல்களிடமிருந்து 2022-இல் தமிழ்நாட்டுப் பையன்கள் மீட்கப்பட்டு வந்தார்கள். தாத்தா காலத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய அதே நாட்டுக்குப் பேரன் வயதுப் பையன்கள் ஏமாந்து போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அண்ணன் அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக உருப்படியாக ஒன்று சொன்னார்: வெளிநாட்டு வேலை என்று யார் வந்தாலும், அந்த ஏஜென்ட் வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு செய்தவரா என்று முதலில் பார். டூரிஸ்ட் விசாவில் போ என்றால் போகாதே. பக்கத்தில் அத்தோ தின்றுகொண்டிருந்த இரண்டு பையன்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

இந்தப் பகுதியில் பெண்களுக்குக் கழிப்பறை கிடைப்பது கஷ்டம். ஆபீசிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் மெட்ரோ ஸ்டேஷனுக்குள் போங்கள்.

புதன், திருவல்லிக்கேணி

முதலில் சேப்பாக்கத்தில் மேட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புதனையும் வெள்ளியையும் மாற்றிப் போட்டுவிடுங்கள். வாலாஜா சாலைப் பக்கம் மஞ்சள் சட்டைக் கூட்டத்தை நீந்திக் கடந்து இட்லி சாப்பிடும் அளவுக்கு எனக்குப் பக்தி இல்லை.

டீச்சர் ரத்னா கஃபேதான் போக வேண்டும் என்பாள். 1948-இல் தொடங்கிய கடை. இரண்டு இட்லியை வைத்துவிட்டு, சாம்பாரை வாளியிலிருந்து மொண்டு ஊற்றுவார்கள், இட்லி முங்கும் அளவுக்கு. முதல் முறை ஊற்றும்போது இட்லியைத் தொடாதீர்கள். அது ஊறி, ஓரம் சரிய ஆரம்பித்ததும் ஸ்பூனால் உடைத்துவிட்டு, இன்னொரு முறை ஊற்றச் சொல்லுங்கள். சட்னியை மறந்துவிடலாம்.

அண்ணனுக்குச் சோறுதான் வேண்டும். அவரோடு போகிற புதன் என்றால் காசி விநாயகா மெஸ். டோக்கன் வாங்கி, வாசலில் நின்று, கூப்பிடும்போது உள்ளே போக வேண்டும். சுற்றிலும் மேன்ஷன் எனப்படும் பேச்சிலர் விடுதிகள், வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். உள்ளே பேச முடியாது என்று முன்பே சொன்னேன். பேச்செல்லாம் வாசலில்தான். டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு, காலியிட எண்ணிக்கை, கட்-ஆஃப் என்று அவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டாலே போதும். டிவி விவாதத்தில் வேலைவாய்ப்பு என்று ஒரு மணி நேரம் கத்துவதில் கிடைக்காத விவரம் அந்த வரிசையில் கிடைக்கும்.

வியாழன், பில்லைப் படிக்கிற நாள்

மதியம் சிக்கனம். சென்னை மாநகராட்சி 2013-இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. நர்ஸுக்குப் பழக்கமான இடம், ஆஸ்பத்திரி வளாகத்திலும் உண்டு. 2021-இல் ஆட்சி மாறிய பிறகு மூடிவிடுவார்கள் என்று அண்ணன் சத்தியம் செய்தார். மூடவில்லை, 2024 ஜூலையில் முதல்வர் மு.க. ஸ்டாலின் தேனாம்பேட்டையில் ஒன்றை நேரில் பார்த்துவிட்டு, பாத்திரம் மாற்றவும் கட்டடம் சீரமைக்கவும் 21 கோடி ரூபாய் ஒதுக்கச் சொன்னார். வரிசையில் நிற்பவர்களுக்கு யார் படம் மாட்டியிருக்கிறது என்பது முக்கியமில்லை, தயிர் சாதம் தீர்ந்துவிட்டதா என்பதுதான்.

மதியம் மிச்சம் பிடித்ததை வைத்து இரவு ஒரே ஒரு ஏசி ஓட்டல். ஓட்டல் எதுவாகவும் இருக்கட்டும், பில் வந்ததும் இப்படிப் படியுங்கள். 2017 நவம்பரிலிருந்து சாதாரண ஓட்டல்களில் ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அது மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று இரண்டாகப் பிரிந்து வரும். அதற்குமேல் "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒரு தொகை இருந்தால் அது அரசாங்க வரி அல்ல, ஓட்டல் தானாகப் போடுவது. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்றது; 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மாலில் இருக்கும் ஓட்டலில் நான் கேட்டதற்கு மேனேஜர், "எல்லாரும் தர்றாங்க மேடம்" என்றார். நான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைப் போனில் அழுத்திக் காட்டியதும் புது பில் வந்தது.

இன்னொன்று: ஆண்டு வியாபாரம் ஒன்றரைக் கோடிக்குள் இருந்து, விற்பனைக்குத் தாங்களே மொத்தமாக வரி கட்டும் காம்பொசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்ன ஓட்டல்கள் வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. "காம்பொசிஷன்" என்று பில்லிலேயே போட்டிருப்பார்கள். அப்படிப் போட்டுவிட்டு வரியும் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வியாழக்கிழமைச் செய்தி இதற்குமேல் தேட வேண்டியதில்லை. 2024 செப்டம்பரில் கோவையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முன்னால் அன்னபூர்ணா ஓட்டல் சீனிவாசன் கேட்டது நினைவிருக்கும். வெறும் பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்றார், அன்றைய கணக்கில். வாடிக்கையாளர் கிரீமைத் தனியாகக் கொடு, நானே தடவிக்கொள்கிறேன் என்கிறார் என்று அவர் சொன்னதும் கூட்டம் சிரித்தது. அடுத்து அவர் அமைச்சரிடம் தனியாக மன்னிப்புக் கேட்கும் வீடியோ வெளியே வந்தது, சிரிப்பு நின்றது. அந்த வீடியோ வெளியானதற்கு அப்போதைய தமிழக பாஜக தலைவர் அண்ணாமலை வருத்தம் தெரிவிக்க வேண்டிவந்தது. எங்கள் மேஜையில் இது இன்னும் முடியாத வழக்கு. நர்ஸ், அவர் எதற்கு மன்னிப்புக் கேட்டார் என்பாள். அண்ணன், நாலு ஊரில் ஓட்டல் வைத்துப் பார், தெரியும் என்பார். நான் நர்ஸ் பக்கம்.

வெள்ளி, மயிலாப்பூர்

சீக்கிரம் போங்கள். அருண்டேல் தெரு ராயர் மெஸ் சின்ன இடம், நேரமும் குறைவு. தாமதமாகப் போனால் பூட்டிய கதவுதான். இடம் கிடைக்கவில்லையென்றால் கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ். சாப்பிட்டுவிட்டு மாட வீதியிலேயே காளத்தி கடைக்கு நடங்கள். பேப்பர் கடை, கூடவே ரோஸ் மில்க். நம் பட்டியலுக்கு இதைவிடப் பொருத்தமான கடை ஊரில் இல்லை. ஒரு கையில் ரோஸ் மில்க், இன்னொரு கையில் வார இதழ்.

மயிலாப்பூரில் என்ன பேசுவது என்று யோசிக்கவே வேண்டாம், கண்ணெதிரே தகரத் தடுப்பு நிற்கிறது. மெட்ரோ இரண்டாம் கட்டம், கிட்டத்தட்ட 119 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். அதில் இரண்டு பாதைகள் திருமயிலையில் பூமிக்கடியில் சந்திக்கின்றன. டெல்லி பங்கு தருமா தராதா என்று வருஷக்கணக்கில் இழுத்து, 2024 அக்டோபரில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ரயில் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்பது டீச்சர் கட்சி. தடுப்புக்குப் பின்னால் வியாபாரம் படுத்துப்போன கடைகளுக்கு யார் பதில் சொல்வது என்பது என் கட்சி. ஆட்டோவில் வராதீர்கள், ஸ்டேஷனிலிருந்து நடந்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும்.

சனிக்கிழமை அவரவர் வீடு. வீட்டில் இருப்பவர்களும் பேசக் காத்திருப்பார்கள். அப்படியும் கால் நிற்கவில்லையென்றால் சௌகார்பேட்டை போய், முறுக்கு நடுவே வெள்ளரிக்காயும் சட்னியும் சீஸும் வைத்துத் தரும் முறுக்கு சாண்ட்விச் ஒன்று சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கூட்டத்தில் செய்தி பேச முடியாது, செருப்பு தொலையாமல் இருந்தால் சரி.

ஞாயிறு, மணல்

பெசன்ட் நகர் கடற்கரை. கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் 1930-இல் உயிர்விட்ட டென்மார்க்காரர் ஷ்மிட்டின் நினைவு வளைவு இருக்கிறதே, அதன் பக்கம் உட்காருங்கள். மிளகாய் பஜ்ஜி, வாழைக்காய் பஜ்ஜி, சுண்டல். வாரம் முழுக்க ஒத்திவைத்த சண்டைகளை இங்கே எடுக்கலாம், கத்தினாலும் அலை சத்தத்தில் போய்விடும்.

வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு கொண்டுபோங்கள். பேப்பரை நேசிக்கிற நானே சொல்கிறேன், பஜ்ஜியை அதில் வைத்துத் தின்னாதீர்கள். சூடான எண்ணெயில் அச்சு மை இறங்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2023-இல் மறுபடி இதை எச்சரித்தது. தட்டை நீட்டினால் கடைக்காரர் முறைக்க மாட்டார், ஒரு தாள் மிச்சம் என்று சந்தோஷப்படுவார்.

மீன் வறுவல் வேண்டுமென்றால் தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள். அப்போது வஞ்சிரம் என்று அடம்பிடித்தால் ஐஸில் கிடந்ததையோ வேறு கரையிலிருந்து வந்ததையோ யானை விலைக்கு வாங்க வேண்டும். "ஃபைபர் போட்டில் இன்னைக்கு என்ன வந்தது?" என்று கேளுங்கள். நெத்திலியோ சங்கராவோ, எது வந்ததோ அதைச் சாப்பிடுங்கள்.

தடைக்காலம் இல்லாத மாதங்களிலும் கடல் செய்தி தரும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் செத்து ஒதுங்கின. முட்டையிட வரும் காலத்தில் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் வரக் கூடாது என்று விதி இருந்தும், வலையில் சிக்கி மூச்சு முட்டித்தான் பெரும்பாலானவை செத்தன என்றார்கள் வனத்துறையினர். எங்களுக்குள் நடந்த நீளமான விவாதம் இதுதான். மீன் தின்றுகொண்டே ஆமைக்காக வருத்தப்படலாமா என்று டீச்சர் கேட்டாள். வருத்தப்படுவதோடு சின்னப் படகு மீனாகப் பார்த்து வாங்கு என்றாள் நர்ஸ்.

திரும்பும்போது பறக்கும் ரயில் இங்கே கிடையாது. டெர்மினஸில் பெரம்பூர் போகும் 29சி கிடைக்கும், மயிலாப்பூர் வழியாகப் போகும். பிங்க் முகப்பு வைத்த சாதாரண பஸ்ஸாகப் பார்த்து ஏறினால் 2021 மே முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அண்ணன் மட்டும் டிக்கெட் எடுக்க வேண்டும். கவரில் மிச்சமிருக்கும் சில்லறையை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.